கூப்பிடு தூரம்

அணைத் தண்ணீருக்கு நடுவே இருந்த ஒரு மேட்டில் சாமியார் ஒருவர் குடிசை போட்டு இருந்தார். அவருடைய சீடன் செங்கோடன். ஐம்பது வயது. முன்பு ஊரில் பம்புசெட் மெக்கானிக். அவன் கை பட்டால் செத்த எஞ்சினும் இருமிக்கொண்டு எழுந்து உட்காரும் என்று பேர்.

அவன் ஊரை விட்டு வந்ததற்குக் காரணம் அண்ணன் காளியண்ணன். இருவருக்கும் பொதுக் கிணறு. ஒரு கோடையில் தம்பியின் முறைத் தண்ணீரையும் அண்ணன் தன் வெள்ளாமைக் காட்டுக்கே பாய்ச்சிக்கொண்டான். தம்பியின் கடலைக்கொடி சருகாகிவிட்டது. "அதையெல்லாம் எப்பவோ மன்னிச்சிட்டேனுங்க" என்று மேட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் செங்கோடன் சொல்வான். கேட்காதவர்களிடமும் சொல்வான்.

ஒரு வெள்ளிக்கிழமை, அரிசி கொண்டுவரும் பரிசல்காரர் மாரப்பன் ஒரு சேதியும் கொண்டுவந்தார்.

"உங்கண்ணனுக்கு ரொம்ப முடியலைங்க. ஒரு தடவை மூஞ்சியக் காட்டிட்டுப் போகச் சொன்னாரு. ஏறுங்க, போலாம்."

செங்கோடன் சாமியைப் பார்த்தான்.

"போயிட்டு வா" என்றார் சாமி.

"போறேனுங்க சாமி. பரிசல் எதுக்கு? நம்ம படகு மோட்டாரைச் சரி பண்ணி அதுலயே போயிர்றேன். நாளைக்கு உங்களுக்கும் ஆகுமில்லைங்க."

மாரப்பன் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த மோட்டார் யாரோ ஒரு பக்தர் இரும்புப் படகோடு கொடுத்தது. பல வருஷமாகச் சாக்குக்கு அடியில் கிடந்தது. அதன் மேல் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. செங்கோடன் கோழியை விரட்டிவிட்டு உட்கார்ந்தான். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. சுரண்டிக் கழுவினான். பிளக்கைத் தேய்த்துப் பொறி வரவழைத்தான். ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெட்ரோலில் எண்ணெய் கலந்து டேங்கை நிரப்பினான். படகு ஆடும்போது சிந்தக்கூடாதே என்று டேங்க் மூடியின் உச்சியில் இருந்த சின்னத் திருகையும் நன்றாக இறுக்கினான். எதையும் இறுக்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கயிற்றைச் சுண்டினான். மோட்டார் உறுமியது. செங்கோடனுக்குப் பெருமை தாங்கவில்லை. கிளம்பினான். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது. துடுப்புப் போட்டு மேட்டுக்கே திரும்பினான்.

சாமி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"போகலையா?"

"மோட்டார் நின்னுபோச்சுங்க சாமி."

"ம்."

மறுநாள் மறுபடி கழற்றினான். மறுபடி பூட்டினான். மோட்டார் ஓடியது, நின்றது.

"போகலையா?"

"பொறி குடுக்கற காயிலுலதான் கோளாறுங்க சாமி. கண்டுபிடிச்சிட்டேன்."

காயிலில் ஒரு கோளாறும் இல்லை. சாப்பாடு, தூக்கம், பூசை எல்லாம் மறந்து மோட்டாரே கதியாகக் கிடந்தான். பக்தியென்றால் இதுதான் பக்தி என்று பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள்.

ஒரு நாள் பொழுது சாயும்போது வேர்த்து விறுவிறுத்து வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னைக்குப் பாதி தாண்டிருச்சுங்க சாமி! கரைக்கு முன்னால இருக்கற பாறைகிட்டப் போய்த்தான் நின்னுச்சு. கரையில துணி துவைக்கிறவங்க பேசுறது கேக்குது. கூப்பிடு தூரம்!"

"அப்புறம்?"

"அப்புறமென்னங்க. வந்துட்டேன். காத்து எதிர்க்காத்து, துடுப்புப் போட்டுக் கையெல்லாம் கொப்பளம். நாளைக்கு முழுசா ஓடிரும் பாருங்க."

சாமி அவன் கையைப் பார்த்தார். விளக்கெண்ணெய் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரப்பன் வந்தார். பரிசலை விட்டு இறங்காமலே சொன்னார்.

"முந்தாநேத்தே முடிஞ்சுபோச்சுங்க. உங்களுக்காக ஒரு ராத்திரி வச்சுப் பாத்தாங்க. நேத்து எடுத்துட்டாங்க."

செங்கோடன் கையில் ஸ்பேனரோடு நின்றான்.

"சாகறதுக்கு முன்னால மகனைக் கூப்பிட்டு, சித்தப்பன் காட்டுக்குத் தண்ணியத் திருப்பி விடுடான்னாராம். அது வெறுங்காடுதானுங்களே, முள்ளு மொளச்சுக் கெடக்குது. பையன் அதையே சொல்லியிருக்கான். இருந்தாலும் விடுன்னாராம். இன்னும் பாஞ்சுட்டுத்தான் இருக்குது."

செங்கோடனுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. விடுவிடுவென்று படகுக்குப் போனான். பெட்ரோலையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டு மோட்டாரை உடைத்துப்போடும் வெறியோடு டேங்க் மூடியைத் திருகினான்.

உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

அப்படியே நின்றுவிட்டான். மூடியின் உச்சியில் இருந்த சின்னத் திருகைப் பார்த்தான். டேங்குக்குள் காற்று போகிற வழி அது. அதைத் தன் கையாலேயே இறுக்கி அடைத்திருக்கிறான். காற்று போகாமல் பெட்ரோல் எப்படி வரும்? கொஞ்ச நேரம் ஓடும், பிறகு தொண்டை அடைத்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதுதான் நடந்திருக்கிறது.

மூடியைப் போட்டுத் திருகைத் தளர்த்திவிட்டுக் கயிற்றைச் சுண்டினான். மோட்டார் ஓடியது. மேட்டை ஒரு சுற்று வந்தான், இன்னொரு சுற்று வந்தான். நிற்கவே இல்லை.

கரையேறி வந்து சாமியின் காலடியில் விழுந்தான்.

"ஒரு திருகுங்க சாமி! சுண்டைக்காய் அளவு திருகு. அது என்னை எங்கண்ணன் முகத்துல முழிக்க விடாமப் பண்ணிருச்சே!"

சாமி புளியைத் தள்ளி வைத்தார்.

"பாறைகிட்ட நின்னியே, அன்னைக்கு. கரை எவ்வளவு தூரம்னு சொன்னே?"

"கூப்பிடு தூரமுங்க."

"துடுப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"எந்தப் பக்கம் பாத்துப் போட்டே?"