கரிசலூர்க் கமிட்டியார் எஞ்சினைக் காப்பாற்றிய கதை

கரிசலூர்க்காரர்கள் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்று மேலிடத்துக்கு மனு மேல் மனுவாகப் போட்டார்கள். மேலே இருந்தவர்கள் அதில் 'மேல்' என்ற சொல்லை மட்டும் படித்தார்களோ என்னவோ, ஊருக்கு ஒரு விமான ஓடுதளம் வந்து சேர்ந்தது. ஓடுதளம் வந்ததும், யாரோ கழித்துவிட்ட, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று வந்தது. விமானத்துக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கமிட்டி என்று எல்லாம் வந்தன. தண்ணீர் மட்டும் இன்னும் வரவில்லை.

கமிட்டியில் நான்கு பேர். தலைவர் புன்னைவனம், உரக்கடைக்காரர். பொருளாளர் சங்கரபாண்டியன், பொருள் எதுவும் இல்லாததால் இதுவரை தப்பே செய்யாதவர். உறுப்பினர் புலவர் ஆதிநாதன், பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் தீப்பிடித்தது என்றாலும் எழுவாய் எங்கே என்று கேட்பார். நான்காமவர் செயலாளர் மாசிலாமணி. கதை இவருடையது.

மாசிலாமணிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. ஓடுதளத்தின் அந்தக் கோடியில், வேலிக்கு அப்பால் இருந்த பருத்திக்குளம்தான் அவருடைய மாமனார் ஊர். மாமனார் சிவனணைந்தபெருமாள் மற்ற மருமகன்கள் வந்தால் நாற்காலி எடுத்துப் போடுவார். மாசிலாமணி வந்தால், "வந்தீரா" என்று கேட்டுவிட்டு மாட்டைக் கவனிக்கப் போய்விடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் மாசிலாமணி உட்கார்ந்ததெல்லாம் முற்றத்து உரலின் மேல்தான். மார்கழி மாதத்தில் உரல் எவ்வளவு குளிரும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

பருத்திக்குளத்தில் போன வருஷம் நடந்த கோயில் கொடைத் திருவிழாவில் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த கொடைக்கு நான் தரை வழியா வர மாட்டேன். விமானத்துல வந்து மேலருந்து அம்மனுக்குப் பூப் போடுவேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்து, "அப்படி வந்தா நாற்காலி போடுதேன்" என்றார். அன்று முதல் மாசிலாமணியின் கனவில் விமானம் வந்ததே இல்லை. நாற்காலிதான் வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விமானம் ஓட்டுகிறவர், சம்பளம் என்று ஒன்று கொடுக்கிற ஊரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் பங்குனிக் கொடைக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். எஞ்சினியர் ஞானராஜும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். போவதற்கு முன்னால் எஞ்சினுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் அவரே செய்தார். பழைய எண்ணெயை இறக்கினார், துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெயை ஊற்றினார், அதையே உள்ளேயும் தெளித்தார். பிறகு கமிட்டியை நிற்க வைத்துச் சொன்னார்:

"ஓடுத எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. சும்மா கிடக்குத எஞ்சினுக்குத்தான் துரு வரும். நல்லாக் கேட்டுக்கிடுங்க. காத்துப் போற வாயிலயும் புகைக் குழாயிலயும் நீல உப்புப் பை வச்சிருக்கேன். அது ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினா ரோஸாயிரும். அது எப்பவும் நீலமாவே இருக்கணும். முன்பக்க ஓட்டையில குருவி கூடு கட்டக் கூடாது. மூக்குல இருக்க காத்தாடிய யாரும் சுத்தக் கூடாது, உள்ள தடவுன எண்ணெய் வழிச்சுக்கிட்டுப் போயிரும். எல்லாத்துக்கும் மேல, நடுவுல ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவே கூடாது. கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினா உள்ள வேர்த்து, சும்மா கிடக்கதவிட மோசமாயிரும். இவ்வளவுதான். நீங்க ஒண்ணுமே செய்யாம இருந்தாப் போதும்."

ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்காகவா கமிட்டி போட்டார்கள்? எஞ்சினியரின் பஸ் கண்ணுக்கு மறைவதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

முதல் சிக்கல் காற்றாடியில் வந்தது. "சுத்தக் கூடாதுன்னா, சுத்தி வரக் கூடாது. கோயில்ல பிரகாரம் சுத்துதோம்லா, அது மாதிரி" என்றார் புலவர். எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. அன்று முதல் யாரும் விமானத்தைச் சுற்றி வருவதில்லை. இடது பக்கமாகப் போனவர் இடது பக்கமாகவே திரும்ப வேண்டும்.

ஒருநாள் சங்கரபாண்டியன் ஏதோ ஞாபகத்தில் முக்கால் சுற்று வந்துவிட்டார். பதறிப்போய் அப்படியே நின்றார்.

"இனிமே என்ன செய்ய?" என்றார் அழாக்குறையாக.

"வந்த வழியே பின்னாலேயே நடந்து போம்வே. சுத்துனது கழிஞ்சிரும்" என்றார் தலைவர்.

சங்கரபாண்டியன் பின்புறமாகவே நடந்து, இறக்கையில் ஒருமுறையும் வாலில் ஒருமுறையும் மண்டையை இடித்துக்கொண்டு, தாம் சுற்றியதை முழுவதுமாகக் கழித்தார். அவர் தடுமாறாமல் பிடித்துக்கொள்ள மாசிலாமணி காற்றாடியைத்தான் கைப்பிடியாகப் பயன்படுத்தினார். அது நன்றாகச் சுழன்று கொடுத்தது.

அடுத்து குருவி வந்தது. வாயில் ஒரு வைக்கோலோடு முன்பக்க ஓட்டையில் உட்கார்ந்து நான்கு பேரையும் பார்த்தது.

"விரட்டிருவமா?" என்றார் தலைவர்.

"விரட்டச் சொல்லலியே" என்றார் புலவர். "குருவி கூடு கட்டக் கூடாதுன்னுதான் சொன்னாரு. குருவிதான் எழுவாய். அது கட்டக் கூடாது. அதுக்காக அந்த வாயில்லா ஜீவன் எங்க போகும்?"

மாசிலாமணிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "அப்ப நாமதான் கட்டிக் குடுக்கணும்."

கட்டிக்கொடுத்தார்கள். வைக்கோல், தேங்காய்நார், புன்னைவனத்தின் பழைய பனியன் எல்லாம் வைத்து, குருவியே வெட்கப்படும்படி ஒரு கூடு. அது சரிந்து விழாமல் முட்டுக் கொடுக்கக் கட்டை தேவைப்பட்டது. விமானத்தின் சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு கட்டைகள் யாருக்கும் பிரயோசனம் இல்லாமல் கிடந்தன. அவற்றை எடுத்து வைத்ததும் கூடு அசையாமல் நின்றது. விமானம்தான் லேசாக அசைந்தது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

கார்த்திகை மழையில் நீல உப்பு ரோஸ் நிறமாக மாறியது. கமிட்டிக்கு உயிரே போய்விட்டது. மாசிலாமணிதான் அதிகம் துடித்தார். அந்தப் பையில் அவர் கண்டது உப்பை அல்ல, நாற்காலியை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

"நீலமாவே இருக்கணும்னு சொன்னாரு. இது ரோஸாயிட்டு. இப்ப எதைப் போட்டா நீலமாகும்?" என்றார் தலைவர்.

வேட்டி துவைக்கிற எந்த மனுஷனுக்கும் அதற்குப் பதில் தெரியும். மாசிலாமணி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொட்டு நீலம் எடுத்து வந்தார். ஒரு வாளித் தண்ணீரில் நீலத்தைக் கலக்கி, உப்புப் பைகளை நன்றாக முக்கியெடுத்து, சொட்டச் சொட்ட எஞ்சினின் வாயில் திணித்தார்கள். அப்படி ஒரு நீலத்தைக் கம்பெனிக்காரனே பார்த்திருக்க மாட்டான். அன்றிலிருந்து வாரம் தவறாமல் நீலம் முக்கினார்கள். எஞ்சினிலிருந்து நீலமாகத் தண்ணீர் வடிவதைப் பார்த்து, "உள்ள இருக்க ஈரமெல்லாம் வெளிய வருது பாத்தீரா" என்று புன்னைவனம் பூரித்துப்போனார்.

இப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதில் பங்குனி வந்துவிட்டது. கொடை நாளும் வந்துவிட்டது. வேலிக்கு அப்பால் பருத்திக்குளத்தில் மேளம் தொடங்கியாயிற்று. விமானம் ஓட்டுகிறவரையும் காணோம், எஞ்சினியரையும் காணோம்.

மாசிலாமணி புதுச் சட்டை போட்டு, மடியில் ஒரு கூடை அரளிப்பூவை வைத்துக்கொண்டு விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"அவிய வராட்டாலும் போகட்டும் அண்ணாச்சி. எஞ்சின் உசுரோட இருக்கான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். இருந்தா நாளைக்காவது பறக்கலாம். இல்லன்னா நான் சாவுத வரைக்கும் உரல்லதான் உக்காரணும்" என்றார்.

புன்னைவனத்துக்கு மனசு இளகியது. ஆனாலும் தலைவர் அல்லவா? "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காரேவே" என்றார்.

எல்லோரும் புலவரைப் பார்த்தார்கள். புலவர் கண்ணை மூடி, எஞ்சினியரின் வாக்கியத்தை உதட்டுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"'ஸ்டார்ட் பண்ணி' வினையெச்சம்" என்றார். "'பாக்கவே கூடாது' முற்று. தடை எங்க இருக்கு? முற்றுல இருக்கு. ஸ்டார்ட் பண்ணலாம். பாக்கத்தான் கூடாது."

தமிழ் இவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று மாசிலாமணி எதிர்பார்க்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்படியும் மூடப்போகிற கண்தானே என்று துடைக்காமல் விட்டார்.

நான்கு பேரும் துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார்கள். "யாராவது பாக்கியளா?" என்று தலைவர் கேட்டார். "பாக்கல" என்று மூன்று குரல்கள் வந்தன. மாசிலாமணி தடவித் தடவிச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் முதலில் இருமியது. பிறகு தும்மியது. தும்மிய வேகத்தில் இரண்டு கட்டைகளும், ஒரு பனியனும், நீலச் சாயம் சொட்டும் பைகளும் ஆளுக்கொரு திசையில் பறந்தன. குருவி குடும்பத்தோடு வெளிநடப்புச் செய்தது. அதன்பின் எஞ்சின் நடுங்கி நடுங்கி ஓடத் தொடங்கியது. சக்கரத்துக்கு முன்னால் கட்டைகள் இல்லாததால், மற்ற மூவரையும் கொட்டகையில் விட்டுவிட்டு, விமானமும் ஓடத் தொடங்கியது.

ஓடுதளத்தின் வழியாக அது ஆடிக்கொண்டே போனது. மாசிலாமணி வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் காற்று முகத்தில் அடிக்க, மேலே போவதை உணர்ந்தார். மேளச் சத்தம் நெருங்கியது. ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, பூவை அள்ளி அள்ளி வெளியே வீசினார்.

விமானம் முள்வேலியைத் தள்ளிக்கொண்டு மாமனாரின் பருத்திக் காட்டுக்குள் புகுந்தது. கரிசல் மண் சக்கரத்தைக் கவ்விப் பிடித்தது. எஞ்சின் ஒரு தடவை விக்கியது, வாயால் நீலமாகக் கொஞ்சம் கக்கியது, நின்றது.

சத்தம் அடங்கியதும், இன்னும் மேலேதான் இருக்கிறோமா என்று மாசிலாமணிக்குச் சந்தேகம் வந்தது. கையை வெளியே நீட்டித் துழாவினார். வெடித்து நின்ற பருத்தி, மெத்துமெத்தென்று கை நிறைய வந்தது.

மேகம். சந்தேகமே இல்லை.

மேளத்தை விட்டுவிட்டு ஊரே காட்டுக்கு ஓடி வந்தது. சிவனணைந்தபெருமாள் முறிந்து கிடந்த பருத்திச் செடிகளைப் பார்த்தார். அவற்றின் மேல் சிதறிக் கிடந்த அரளியைப் பார்த்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்த மருமகனைப் பார்த்தார். சொன்னபடி வந்துவிட்டார், பூவும் போட்டுவிட்டார். மாமனாரும் சொன்ன சொல் தவறாத மனிதர். வீட்டுக்குப் போய், மற்ற மருமகன்களில் ஒருவரை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து விமானத்துக்குப் பக்கத்தில் போட்டார்.

"மாப்பிள்ளை, வாங்க. நாற்காலி போட்டிருக்கேன், உக்காருங்க."

மாசிலாமணி திடுக்கிட்டார். இவ்வளவு உயரத்தில், மேகத்துக்கு நடுவில், காதுக்குப் பக்கத்தில் மாமனார் குரல்.

"மாமா? நீங்க எதுல வந்திய?"

இத்தனை வருஷத்தில் மருமகன் தன்னிடம் மரியாதையாகக் கேட்ட முதல் கேள்வி என்று சிவனணைந்தபெருமாளுக்குத் தோன்றியது. அவரும் மரியாதையாகவே பதில் சொன்னார்.

"எதுல வர? நடந்துதான் வந்தேன்."

மாசிலாமணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை, கமிட்டிகூட இல்லை. கையில் நாற்காலியோடு இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறார். இப்பேர்ப்பட்ட மனிதர் முன்னால் உட்காரவா இத்தனை நாள் ஏங்கினோம் என்று கூசிப்போனார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னார்:

"அதுல நீங்க உக்காருங்க மாமா. நடந்து வந்தது கால் வலிக்கும். குனிஞ்சு மட்டும் பாத்துராதிய, தலை சுத்தும்."