பன்னிரண்டாவது மாதம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்ட ஆள் எடுத்தார்கள். புருஷன் படுத்த படுக்கை, அடுப்பு எரிய இந்த வேலை கிடைத்தாக வேண்டும் என்று மயிலாத்தாள் போய் நின்றாள். முதலாளியம்மா பக்கத்தில் இருக்க, புது மேனேஜர் விறைப்பாகக் கேட்டார்.

“அஞ்சு வருசம் கழிச்சு எங்கம்மா இருப்பே?”

“இங்கேயேதானுங்க.”

“இதெல்லாம் ஒரு லட்சியமா? பெரிசா யோசிக்கத் தெரியாத ஆளுக்கு இங்க வேலை கிடையாது.”

கையெழுத்துப் போடச் சொல்லி மேனேஜர் முன்பே நீட்டியிருந்த வேலை ஒப்பந்தத் தாளை மயிலாத்தாள் அவர் பக்கம் திருப்பினாள்.

“பதினோரு மாசத்துல நின்னுக்கணும்னு இதுல நீங்கதானுங்க சார் எழுதியிருக்கீங்க. நானு பன்னிரண்டாவது மாசமும் இங்க இருக்கணும்னு நினைக்கிறேனுங்க. இதைவிடப் பெரிசா எப்படிங்க யோசிக்கிறது?”

முதலாளியம்மா சிரித்தபடி மேனேஜரின் பேனாவை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, ‘நிரந்தரம்’ என்று எழுதினார்.