தலையசைத்தால்தான் பேச்சு

“எனக்கப்புறம் இந்தப் பாடம் நிக்குமா, அம்மா?”

கேட்டவர் அருமைநாயகம். எல்லையோரத்து ஐந்து பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கன்னடம் சொல்லித் தருகிறவர். அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எல்லை தாண்டிக் கன்னட ஊருக்குத்தான் போக வேண்டும். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு.

அவர் கேட்டது சென்னம்மாவிடம். அருமைநாயகத்துக்கே கன்னடம் கற்றுக்கொடுத்தவர். வயதில் அவரைவிடப் பத்து வருஷம் இளையவர்தான். ஆனாலும் குரு குருதானே.

போன மாதம் அருமைநாயகத்துக்கு நெஞ்சுவலி. மூன்று வாரம் படுக்கை. அந்த மூன்று வாரமும் ஐந்து பள்ளியிலும் ஒரு பிள்ளை ஒரு வார்த்தை கன்னடம் பேசவில்லை என்று கேள்விப்பட்டார். எழுந்து உட்கார்ந்ததும் பத்து வருஷத்துக்குப் பாடத்திட்டம் எழுதினார். இருநூறு பக்கம். பயந்தவன் கை பக்கம் பக்கமாகத்தான் எழுதும்.

சென்னம்மா அதைப் புரட்டவில்லை. வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றார்.

மறுநாள் வகுப்பில் ஒரு சிறுமியிடம், எங்கே வலிக்கிறது என்று கன்னடத்தில் கேட்டார்.

சிறுமி அருமைநாயகத்தின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். பிறகே கணீரென்று பதில் வந்தது. ஒரு பிழை இல்லை.

பிழை ஒருமுறை நாக்கில் ஒட்டினால் போகாது என்பது அருமைநாயகத்தின் பயம். அதனால் பிள்ளைகள் பதிலை மனசுக்குள் ஒப்பித்துவிட்டு, அவர் தலையசைக்கும்வரை காத்திருப்பது ஐந்து பள்ளிக்கும் வழக்கம்.

சென்னம்மா பிள்ளைகளை வைத்தியராகவும் நோயாளியாகவும் பேசச் சொன்னார். அருமைநாயகத்தை வெளியே அழைத்துவந்து கதவைச் சாத்தினார்.

உள்ளே சத்தமில்லை.

வெகுநேரம் சத்தமில்லை. நான் செத்த பிறகு இப்படித்தான் இருக்கும் என்று அருமைநாயகம் நினைத்தார். கதவில் காதை வைத்தார்.

பிறகு ஒரு பையன் கன்னடத்தில் தனக்கு வயிறு வலிப்பதாகச் சொல்ல முயன்று, ஆஸ்பத்திரிக்கே வயிற்றுவலி என்று சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி திருத்தினாள், அவளும் தப்பாக. அதை வேறொருவன் மறுத்தான். நாலைந்து குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

அருமைநாயகத்தின் கை தானாகக் கதவுக்குப் போனது.

“தப்பாப் பேசறாங்க, அம்மா.”

“பேசறாங்க” என்றார் சென்னம்மா.