ஆம்பல் ஏரியின் நல்ல பெயர்

ஆம்பல் ஏரியின் கோரைப் புல்லுக்குள் நாமக்கோழி என்ற நீர்ப்பறவை ஒன்று கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. அதே கோரைக்குள் ஒரு சாரைப்பாம்பும் வந்து சேர்ந்தது. மறுநாளே ஒரு குஞ்சைக் காணோம்.

நாமக்கோழி பதறியடித்துக்கொண்டு ஏரித் தலைவரான ஆமையிடம் ஓடியது.

"தலைவரே, பாம்பு என் பிள்ளையைத் தின்னுடுச்சு! எல்லாரும் சேர்ந்து வந்தா விரட்டிடலாம். மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்துங்க!"

"மெதுவாப் பேசும்மா!" என்றது ஆமை. "நாளைக்குக் கூழைக்கடாக்கள் கூடு கட்ட இடம் பார்க்க வர்றாங்க. இந்தச் சீமையிலேயே நம்ம ஏரிதான் நல்ல ஏரின்னு கேள்விப்பட்டு வர்றாங்க. இப்பப் போய்ப் பாம்புன்னு சொல்லலாமா?"

ஆமைக்கு முதுகில் ஓடு இருந்தது. அதனால் நிதானமாகப் பேச முடிந்தது.

"எந்த ஏரியில பாம்பு இல்ல? நம்ம ஏரியை மட்டும் ஏன் குறை சொல்றே?" என்று அங்கிருந்த மீன்கொத்தி ஒன்று சீறியது.

"அவங்க சொல்றது நிஜம்தானே? என் தம்பியையும் காணோம்" என்றது ஒரு தவளை. மற்றத் தவளைகள் முறைத்தன. அது வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் கூழைக்கடாக்கள் வந்து இறங்கின. நாமக்கோழியால் பொறுக்க முடியவில்லை.

"இங்கே பாம்பு இருக்கு! என் குஞ்சைத் தின்னுடுச்சு! பெரியவங்க நீங்களாவது வந்து விரட்டுங்க!" என்று கதறியது.

கூழைக்கடாக்கள் திகைத்து ஆமையைப் பார்த்தன.

"அது இந்த ஏரியே இல்லீங்க! அதோட அம்மா பக்கத்துக் குட்டையிலேருந்து பிழைக்க வந்தவ. நம்ம பேரைக் கெடுக்கணும்னே பேசுது!" என்றது ஆமை, கொஞ்சமும் கூசாமல்.

"ஊர் மானத்தை வாங்குறியா?" என்று மீன்கொத்திகள் நாமக்கோழியைக் கொத்திக் கரையேற்றின. திரும்பக் கூட்டுக்குப் போக முயன்றபோதெல்லாம் மறித்துக் கொத்தின.

தாய் இல்லாத கூட்டுக்குள் பாம்பு நுழைந்தது. குஞ்சுகள் கீச்சிட்டன. விருந்தாளிகள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று தவளைகள் தொண்டை கிழிய ஏரியின் புகழைப் பாடின. தம்பியைப் பறிகொடுத்த தவளையும் கூடவே பாடியது.

"அருமையான ஊர்!" என்று கூழைக்கடாக்கள் தலையாட்டின. பக்கத்துக் கருவேல மரங்களிலேயே கூடு கட்டின.

கோரைக்குள் தின்ன ஒன்றும் இல்லாமல் போனதும் பாம்பு மரம் ஏறியது. குஞ்சுகளை இழந்த கூழைக்கடாக்கள் அழுதுகொண்டே பறந்து போயின. போன வழியெல்லாம் ஆம்பல் ஏரியைக் காறித் துப்பின. அதற்குப் பிறகு அந்த ஏரியில் ஒரு பறவையும் வந்து இறங்கவில்லை.

"பார்த்தீங்களா! எல்லாம் அந்த நாமக்கோழி கிளப்பிவிட்ட பேச்சு!" என்றது ஆமை.

"ஆமாம், ஆமாம்!" என்றன மிச்சம் இருந்த தவளைகள்.

தன் ஊரின் குறையைச் சொல்பவரைத் துரத்திவிட்டு, அந்தக் குறையை ஊருக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுவதற்குப் பெயர் ஊர்ப்பற்று அல்ல.