ஏழு குறைந்த சராசரி

"நம்ம பள்ளிக்கூடம் கீழே போயிடுச்சும்மா" என்றார் சிவக்கொழுந்து.

மலையடிவாரத்து ஆசிரமப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். வயது ஐம்பத்து நான்கு. அவருடைய குரு பூரணிக்கு முப்பத்தைந்துதான். அதை அவர் ஒருநாளும் பெரிதாக நினைத்ததில்லை.

வருடாவருடம் மாநிலம் முழுக்க நடக்கும் பொதுத்தேர்வு. பள்ளியின் சராசரி போன வருடம் ஐம்பத்தெட்டு. இந்த வருடம் ஐம்பத்தொன்று.

செங்கல் சூளையிலிருந்து வந்து சேர்ந்த பன்னிரண்டு பிள்ளைகள்தான் காரணம் என்றார். அவர்களோடு உட்கார்ந்து பழைய பிள்ளைகளும் மந்தமாகிவிட்டார்களாம். பன்னிரண்டு பேரையும் வேறு பள்ளிக்கு அனுப்பக் கடிதமே எழுதி வந்திருந்தார்.

பூரணி கடிதத்தை வாங்கினாள். படித்தாள். திருப்பி அவர் முன்னால் வைத்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பழைய பிள்ளைகள் இருபது பேரின் மதிப்பெண்ணையும் அதில் எழுதச் சொன்னாள். போன வருடத்தது, பக்கத்திலேயே இந்த வருடத்தது.

கையோடு கொண்டுவந்திருந்த இரண்டு வருட மதிப்பெண் பட்டியல்களையும் பார்த்துச் சிவக்கொழுந்து சலிப்போடு ஆரம்பித்தார். ஆதிரை, அப்போது நாற்பத்தொன்று, இப்போது ஐம்பத்து மூன்று. செங்கொடி, ஒன்பது கூடியிருந்தது. நக்கீரனுக்குப் பதினொன்று.

ஐந்தாவது பெயருக்கு வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பத்தாவது பெயரைச் சத்தமாகவே வாசித்தார். இளமாறனுக்கு மட்டும் இரண்டு குறைவு. தேர்வன்று அவனுக்குக் காய்ச்சல்.

"பத்தொன்பது பேர் ஏறியிருக்காங்கம்மா!"

பூரணி தலையசைத்தாள். "சூளைப் பிள்ளைங்க?"

"அவங்க போன வருஷம் தேர்வே எழுதலையே. ஆனி மாசம் வந்தப்போ பென்சில் பிடிக்கவே தெரியாது."

"இப்போ?"

"சராசரி இருபத்தொன்பது" என்று இழுத்தார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல் நிமிர்ந்தார். ஒன்பது மாதம். ஒன்றுமில்லாததிலிருந்து இருபத்தொன்பது.

இத்தனை நாளாக இந்தப் பட்டியல்கள் அவர் மேசையில்தான் கிடந்தன.

பூரணி தாளில் ஆதிரையின் பெயர்மேல் விரலை வைத்தாள்.

"இவ பக்கத்துல யாரு உட்கார்றது?"

கண்ணை மூடி வகுப்பறையை நினைத்துப் பார்த்தார்.

"சூளையிலேர்ந்து வந்த மல்லி. ஆதிரைதான் அவளுக்குக் கணக்குச் சொல்லித் தருவா. புரியலைன்னா விடமாட்டா. வேற மாதிரி சொல்லுவா. அப்பவும் புரியலைன்னா கூழாங்கல்லை அடுக்கிக் காட்டுவா."

விரல் நக்கீரனுக்கு நகர்ந்தது.

"அவன் பக்கத்துல சடையன். அவனும் சூளைதான். நக்கீரன் தினமும் அவனுக்குப் பாடம் வாசிச்சுக் காட்டு..."

பாதியில் நின்றுபோனார்.

விரல் செங்கொடியிடம் போவதற்குள் அவரே முந்திக்கொண்டு, அவள் பக்கத்தில் இருப்பவள் பெயரைச் சொன்னார். அடுத்த பெயருக்கும் சொன்னார். அதற்கடுத்ததற்கும்.

பூரணி கேட்க இனி ஒன்றும் இல்லை.

சிவக்கொழுந்து எழுந்துவிட்டார். விடைபெறக்கூட மறந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இந்த வெயிலில் எங்கே என்று அவள் கேட்டாள்.

"சூளையில இன்னும் எட்டுப் பிள்ளைங்க இருக்காங்கம்மா."