பூதத்தின் ஒரு சாண் போர்வை

முன்னே ஒரு காலத்தில், மேகங்கள்கூட உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகிற உயரத்தில், தேவதாரு நாடு என்று ஒரு மலைநாடு இருந்தது. மலை முழுக்கக் கருங்கல். கருங்கல்லின் மேல் ஒரே ஒரு சாண் மண். அதுவும் என்ன மண்! களியும் இல்லை, கரிசலும் இல்லை. கையில் அள்ளினால் கல்லுப்பு மாதிரி நறநறவென்று விரலிடுக்கில் வழிந்துவிடும். அந்த ஒரு சாண் மண்ணில்தான் அத்தனை தேவதாரு மரங்களும் வானத்தை முட்டிக்கொண்டு நின்றன. அது எப்படி என்று கேட்கிறீர்களா? கதையே அதுதான், கொஞ்சம் பொறுங்கள்.

அந்த மலையில் கொம்பையன் என்று ஒருவன் மரங்களில் பிசின் எடுத்துப் பிழைத்து வந்தான். கீழே சமவெளியிலிருந்து ஆராயி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். ஆராயி ஆற்றங்கரை ஊர்க்காரி. கெட்டிக்காரி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கொம்பையனுக்கு அவள் என்றால் உயிர். அவளுக்கும் அப்படித்தான், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

வந்த மறுநாளே கொம்பையன் சொன்னான்: "ஆராயி, வீட்டைக் கூட்டு, வாசலைக் கூட்டு. மரத்தடியை மட்டும் கூட்டாதே."

"ஏன் மச்சான்? அங்கேதானே கணுக்கால் முங்குற அளவு குப்பை கிடக்கு!"

"ஊசி இலை உதிர்ந்து கிடக்கு. கிடந்துட்டுப் போகட்டும். கூட்டாதே, கூட்டாதே, கூட்டாதே."

மூன்று தடவை சொன்ன மனுஷன், காரணத்தை ஒரு தடவை சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. மலைக்காரர்களுக்கு அந்தக் காரணத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே பயம்.

ஆடி மாதம் வந்தது. ஆராயியின் அப்பாவும் அம்மாவும் ஆடிச் சீர் எடுத்துக்கொண்டு முதல் முதலாக மலையேறி வரப்போகிறார்கள் என்று சேதி வந்தது. ஆராயிக்குக் கை கால் ஓடவில்லை. அவள் அம்மா சுத்தத்துக்குப் பேர்போனவள். விடிவதற்கு முன்னே வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிக்காத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

"இந்தக் குப்பையை எங்கம்மா பார்த்தா என் மானம் போயிடுமே!" என்று புலம்பினாள் ஆராயி.

கொம்பையன் பிசின் எடுக்கப் போன நேரம் பார்த்து, சேலையை இடுப்பில் செருகினாள். விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள். சரக், சரக், சரக்! வீட்டுக்கு மேலே சரிவு முழுக்கக் கூட்டி, ஊசி இலைகளை எல்லாம் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். மரத்தடி தலைவாரிப் பொட்டு வைத்த மாதிரி பளிச்சென்று ஆனது. அவளுக்கே தன்மேல் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் மழை பிடித்தது. இத்தனை நாள் ஊசி இலைமேல் விழுந்து மெல்ல மெல்ல இறங்கிய தண்ணீர், இப்போது வெறும் மண்ணில் மடார் மடார் என்று அடித்தது. நறநற மண் அப்படியே கரைந்து ஓடிவிட்டது. மரங்களெல்லாம் வேர் தெரிய நின்று ஆடின. அடியில் வழுக்கைத் தலை மாதிரி பாறை தெரிந்தது.

அந்தப் பாறை ஒரு கண்ணைத் திறந்தது! அப்புறம் ஒரு தும்மல் போட்டது பாருங்கள், மலையே குலுங்கியது. அடேயப்பா, அது பாறையே இல்லை. படுத்துக் கிடந்த கருங்கல் பூதம்!

"என் போர்வையை உருவினது யாரு? குளிருது, குளிருது, குளிருது!" என்று பூதம் கத்தியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கொம்பையன், சட்டென்று ஆராயிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "நான்தான் சாமி. என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்க" என்றான்.

பூதம் ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான். கைகூப்பி நின்றவன் நின்றபடியே கருங்கல்லாகிவிட்டான்.

"இன்னும் மூணு மழை பெய்யுறதுக்குள்ள என் போர்வை வந்தாகணும். இல்லாட்டி இவன் எனக்குத் துணையா என்னைக்கும் கல்லாவே நிப்பான்!" என்றது பூதம்.

ஆராயி அந்தக் கல்லுக் கையைப் பிடித்துக்கொண்டு 'ஓ'வென்று அழுதாள். "பாவி மனுஷா, தப்பு பண்ணினது நான். நீ ஏன் மச்சான் முன்னால வந்து நின்னே?" என்றாள்.

அழுது முடித்தாள், எழுந்தாள். தன் ஊர் மண்ணைவிட உசந்த மண் உண்டா என்று நினைத்து, இரண்டு கழுதைகளை ஓட்டிக்கொண்டு கீழே போய், ஆற்று வண்டலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து பரப்பினாள். முதல் மழை வந்தது. வண்டல் ஒரேயடியாகச் சேறாகி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. "ஐயே! ஈரச் சாக்கைப் போத்தின மாதிரி இருக்கு. என் போர்வை இது இல்லை!" என்றது பூதம்.

அடுத்து ஓடை மணலை அள்ளிக் கொட்டினாள். இரண்டாவது மழை வந்தது. மணல் உருண்டு உருண்டு வந்த வழியே ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. "ஒட்டவே இல்லையே! என் போர்வை இது இல்லை!" என்றது பூதம்.

ஆராயிக்குக் கை ஓய்ந்துவிட்டது. மேற்கே மூன்றாவது மழை கறுத்துக்கொண்டு வந்தது. கொம்பையன் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பூதம் வெடவெடவென்று நடுங்கி இன்னொரு தும்மல் போட்டது. அதன்மேல் இருந்த கோபத்திலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"உனக்கு ரொம்பவா குளிருது?" என்று கேட்டாள்.

பூதம் திகைத்துப் போனது. அதை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. "குளிரைக்கூடத் தாங்கிக்குவேன் பொண்ணே" என்றது தயங்கித் தயங்கி. "முதுகு அரிக்குது. ஆயிரம் வருஷமா அரிக்குது. கல்லுக் கை, மடக்கிச் சொறிய முடியலை."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று அதட்டினாள் ஆராயி. கூட்டிக் கூட்டித் தேய்ந்து கட்டையாகிக் கிடந்த அதே விளக்குமாற்றை எடுத்தாள், பூதத்தின் முதுகில் ஏறினாள். வறக், வறக், வறக்!

"ஹி ஹி! இன்னும் கொஞ்சம் மேலே! ஆங்... அங்கேதான், அங்கேதான்!" பூதம் நெளிந்தது, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க, வெயிலிலும் பனியிலும் வெடித்துக் கிடந்த அதன் மேல்தோல் பொலபொலவென்று உதிர்ந்தது. கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் ரோசா, நடுநடுவே மினுக்மினுக்கென்று பளபளப்பு. ஆராயி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். கல்லுப்பு மாதிரி நறநறவென்று விரலிடுக்கில் வழிந்தது.

"அட பூதமே! உன் போர்வை உன் உடம்பிலிருந்தே வருது!"

"அது ஓடிப் போயிடுமே!" என்றது பூதம்.

"ஓட விட்டாத்தானே!" என்றவள் பள்ளத்துக்கு ஓடினாள். தன் கையால் கொட்டிய ஊசி இலைகளைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து, ஒரு இடம் விடாமல் மண்ணை மூடினாள். கடைசிக் கூடையைக் கவிழ்க்கவும் மூன்றாவது மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஆராயி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மச்சான், மச்சான், மச்சான்...

தண்ணீர் ஊசி இலையில் விழுந்தது, மெதுவாக உள்ளே இறங்கியது. ஒரு பொடி மண்கூட நகரவில்லை. பூதம் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, "கதகதன்னு இருக்கு பொண்ணே" என்றபடி கண்ணை மூடிக்கொண்டது.

ஆராயியின் தோளில் ஒரு கை விழுந்தது. வெதுவெதுப்பான கை.

"கூட்டாதேன்னு சொன்னேனா இல்லையா?" என்றான் கொம்பையன்.

"ஏன்னு சொன்னியா?" என்று அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். விட்டவள், அதே நெஞ்சில் சாய்ந்துகொண்டு அழுதாள். உயிரே நீதான் மச்சான் என்று அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னாள்.

மறுநாள் சீர்த்தட்டோடு அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். அம்மா தட்டை இறக்கி வைத்தாளோ இல்லையோ, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். நேரே போய் விளக்குமாற்றை எடுத்துவிட்டாள்.

"அம்மா! கூட்டாதே, கூட்டாதே, கூட்டாதே!"

"ஏண்டி, குப்பையிலேயா குடித்தனம் பண்றே?"

ஆராயி கொம்பையனைப் போல வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. அம்மாவை அந்த ஊசி இலை மெத்தையிலேயே உட்கார வைத்து, பூதத்தின் பெயரிலிருந்து தும்மல் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சரி, அதுக்கு முதுகு எந்தப் பக்கம்னு காட்டு" என்றாள்.

அன்று மலையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததாம். அந்தச் சிரிப்பில் உதிர்ந்த மண்ணில் இன்றைக்கும் தேவதாருக் கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றனவாம்.