புயல் ரஞ்சிதமும் மூணு முழம் பூவும்

கொசுவலையை நல்லா உள்ள சொருகிட்டியா? காலை நீட்டிப் படு அமுதி. நாளைக்குப் பொருட்காட்சிக்குப் போறோம்டி, இல்லேன்னு யாரு சொன்னா? மரணக் கிணத்துக்கும் போறோம். நீ உங்கப்பாகூடப் படியேறி மேல போய்ப் பாரு, நான் கீழதான் நிப்பேன். வருஷா வருஷம் இதே கேள்வி உனக்கு, அத்தை, நீ ஏன் மேல ஏற மாட்டேங்குறேன்னு. சரி, இன்னைக்குச் சொல்றேன். ஆனா இது சிரிக்கிற கதை இல்ல. பயமா இருந்தா என் கையப் புடிச்சுக்க. ம் கொட்டிக்கிட்டே வரணும். கொட்டலேன்னா நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு கிணறு. தண்ணி இல்லாத கிணறு, தரைக்கு மேல பலகையடிச்சு நிறுத்தின கிணறு. திருவிழா வந்தா லாரியில வரும், திருவிழா முடிஞ்சா லாரியில ஏறிப் போயிடும். அந்தக் கிணத்துச் செவுத்துல மோட்டார் பைக் ஓட்டுற பொம்பளை ஒருத்தி இருந்தா. பேரு புயல் ரஞ்சிதம். எந்த ஊருக்குப் போனாலும் அவளப் பாக்கத்தான் கூட்டம் அள்ளும்.

"ம்."

அப்போ அந்த ஊர்ல, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல ஒரு பூக்காரம்மா. அவளுக்கு எட்டு வயசுல ஒரு பொண்ணு. அம்மா உக்காந்து பூ கட்டுற இடத்துக்குப் பின்னாடி செவுத்துல ரஞ்சிதம் போஸ்டர் ஒட்டியிருக்கும். செவப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு பைக்ல பறக்குறா. திருவிழா முடிஞ்சாலும் போஸ்டர் அப்படியே இருக்கும். அந்தப் பொண்ணு தினமும் பள்ளிக்கூடம் போறப்ப, "போயிட்டு வரேன்க்கா"ன்னு போஸ்டர்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவா. நேர்ல பாத்ததே இல்ல. அவங்கம்மா விட்டாத்தானே! "பொட்டப்புள்ள அந்தக் கூட்டத்துல நசுங்கிப் போவே"ன்னு ஒவ்வொரு வருஷமும் தட்டிக் கழிச்சிடுவா.

என்ன? அந்தப் பொண்ணு நீதானேன்னா? ம் கொட்டச் சொன்னா கொட்டு. குறுக்க பேசினா கதை நின்னு போகும்.

"ம்."

அப்புறம் அந்த வருஷம் அம்மா மனசு எறங்கிட்டா. மத்தியான ஆட்டத்துக்குப் போயிட்டு நேரா வந்துடணும்னு சொல்லி அனுப்பினா. இவ சும்மா போவாளா? ரஞ்சிதத்துக்குக் குடுக்கன்னு ரெண்டு முழம் மல்லியப் பாவாடை மடியில கட்டிக்கிட்டா. ஏன்னா ரஞ்சிதம்கிட்ட ஒரு வித்தை உண்டு. செவுத்துல சுத்திக்கிட்டே மேல, மேல, விளிம்பு வரைக்கும் வருவா. மேல நிக்கிற ஜனம் கைக்குட்டை, பூ, ரூவா நோட்டுன்னு நீட்டும். விருட்டுனு வந்து பறிச்சுக்கிட்டுப் போயிடுவா. தன் கையில இருந்து ரஞ்சிதம் பூ வாங்கணும், அவ்வளவுதான் இந்தப் பொண்ணு ஆசை. வேற ஒண்ணும் வேணாம் அவளுக்கு.

இங்க ஒண்ணு சொல்லணும். பூக்காரங்க வீட்டுல ஒரு முறை இருக்கு. தலையில வைக்கிற சரத்த வாழநார்ல கட்டுவாங்க. எதுலயாவது மாட்டி இழுத்தா நார் அறுந்துடணும், முடியோட பிச்சுக்கிட்டு வரக் கூடாது. சாமி மாலைய மட்டும் கெட்டி நூல்ல கட்டுவாங்க, அது அறுந்துடக் கூடாது. அந்தப் பொண்ணுக்கு இது நடக்கத் தெரியுறதுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும், கெளம்புறப்ப கூடையில கெடந்த மாலைத் துண்டு ஒண்ணையும் எடுத்துச் சொருகிக்கிட்டா. ரோசாப்பூ மாலை, நூல்ல கட்டினது. ரஞ்சிதத்துக்கு மல்லி பத்தாது, ரோசா வேணும்னு தோணிடுச்சு. ஆக மூணு முழம்.

"ம்."

அப்போ படியேறி மேல போனா. பலகையெல்லாம் ஆடுது. கீழ எட்டிப் பாத்தா கிணத்துக்குள்ள ரஞ்சிதம்! நெஜ ரஞ்சிதம். போஸ்டர்ல இருக்குறத விட குட்டையா, கன்னத்துல அம்மத் தழும்போட, வெத்தலை மென்னுக்கிட்டு நிக்கிறா. இந்தப் பொண்ணுக்கு அழுகையே வந்துடுச்சு. இவங்களும் நம்மள மாதிரி மனுஷிதானான்னு அவ்வளவு சந்தோசம்.

ரஞ்சிதத்துக்குப் பக்கத்துல ஒரு ஆளு குத்த வச்சு பைக்கப் பாத்துக்கிட்டிருந்தான். அது ரஞ்சிதம் தம்பி தேவராசு. அவன்தான் மெக்கானிக்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் சங்கிலிய இறுக்கி, ஸ்பேனரால மூணு தடவை தட்டுவான். டிங்... டிங்... டிங். தட்டிட்டு, "போலாம்க்கா!"ன்னு கத்துவான். அந்தச் சத்தம் கேட்டாத்தான் ரஞ்சிதம் காலை ஒதைப்பா.

மைக்குல ஒருத்தன் கத்துறான், "ரெண்டே வெரல்ல புடிங்க! நோட்டோ பூவோ, ரெண்டே வெரல்ல!"ன்னு. அந்தப் பொண்ணுக்குக் காது நல்லாவே கேட்டுச்சு.

அப்புறம் டப்டப்டப்டப்... டர்ர்ர்ர்ர்! பைக்கு செவுத்துல ஏறிடுச்சு. கிணறே கடகடகடன்னு நடுங்குது. மொத சுத்து மேல வந்தா. பொண்ணு ஒரு முழம் மல்லிய நீட்டினா. விர்ர்ருனு வந்த காத்துல நார் அறுந்து பூவெல்லாம் பொல பொலன்னு கொட்டிப் போச்சு. ரெண்டாவது சுத்து வந்தா. பக்கத்துல நின்ன தடியன் கைக்குட்டையோட முன்னாடி பாஞ்சான், அவன் முழங்கை பட்டு ரெண்டாவது முழம் கிணத்துக்குள்ள விழுந்துடுச்சு. ரஞ்சிதம் அவன் கைக்குட்டையப் பறிச்சுக்கிட்டுப் போயிட்டா.

மூணாவது சுத்துதான் கடைசின்னு மைக்குல சொல்லிட்டான். இனிமே யாரும் தட்டி விடக் கூடாதுன்னு, அந்தப் பொண்ணு ரோசாப்பூ நூலை மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டா. சுத்திக்கிட்டு, கைய நீட்டிட்டா.

"..."

ம் கொட்டு கண்ணு.

"ம்."

வந்தா. பாத்தா. இவளப் பாத்துத்தான் சிரிச்சா, வெத்தலைப் பல்லு தெரிய. கைய நீட்டி லபக்குனு பூவப் புடிச்சா.

நூல் அறுபடல.

சரக்! டமால்! தட தட தடன்னு பைக்கும் அவளுமா உருண்டு அடியில போய் விழுந்தாங்க. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. சக்கரம் மட்டும் கிர்ர்ர்னு தனியாச் சுத்திக்கிட்டிருந்துச்சு.

பொண்ணு மணிக்கட்டுல நூல் எலும்பு வரைக்கும் எறங்கின பின்னாடிதான் அறுந்திருந்துச்சு. ரத்தம். பாவாடையில கையச் சுருட்டிக்கிட்டு நின்னா. யாரும் அவளப் பாக்கல, எல்லாரும் கீழதான் பாத்தாங்க. கீழ பைக்ல சங்கிலி கழண்டு தொங்குது. விழுந்த வேகத்துல கழண்டது அது. ஆனா கிணத்து முதலாளி என்ன சொன்னான் தெரியுமா? "சங்கிலிய இறுக்கல இந்த நாயி!" அப்புறம் தேவராசு மேல விழுந்த அடி இருக்கே... சொல்ல மாட்டேன், நீ தூங்க மாட்டே. ரஞ்சிதத்தத் தூக்கி ஜீப்புல போடுறப்ப அவ கண்ணத் தொறந்து, காலுல மிச்சமிருந்த ஒத்தச் செருப்பக் கழட்டித் தம்பி மூஞ்சியில எறிஞ்சா. "என் உசுரு உன் கையிலதானடா இருந்துச்சு?"ன்னா.

மேல நின்ன ஜனத்தப் பாத்து முதலாளி கேட்டான், "யாராச்சும் ஏதாச்சும் பாத்தீங்களா?" பொண்ணு வாயத் தொறக்கல. அது மொத தடவை.

வீட்டுக்குப் போனா அம்மா கையப் பாத்துட்டு, "என்னடி இது?"ன்னா. "முள்ளுக்கம்பி கிழிச்சிருச்சும்மா"ன்னா. அது ரெண்டாவது.

மறுநாள் காலையில பூக்கடைக்குத் தேவராசே வந்து நின்னான். ஒதடு கிழிஞ்சு, ஒரு கண்ணு வீங்கி மூடியிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அக்காவுக்குப் பூ வாங்க வந்திருக்கான். பொண்ண உத்துப் பாத்தான். "பாப்பா, நேத்து நீ மேல நின்னேல்ல? ஏதாச்சும் பாத்தியாம்மா? நான் மூணு தடவை தட்டினேனே, உனக்குக் கேட்டுச்சா?"

கேட்டுச்சுன்னு கூட அவ சொல்லல அமுதி. தலைய மட்டும் ஆட்டினா, இல்லேன்னு. அடி விழும்னு பயமில்ல அவளுக்கு. ரஞ்சிதம் தன்னை வெறுத்துடுவாங்களோன்னு பயம். பாவி மக, அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தாப் போதும். அவன் பூவ வாங்கிக்கிட்டு, சரிம்மான்னுட்டுப் போனான். அது மூணாவது.

"ம்..."

நாலாவது நாள் பூக்காரம்மா மனசு கேக்காம, பன்னும் பாலும் வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. பொண்ணும் கூடப் போனா. கட்டில்ல ரஞ்சிதம். முட்டிக்குக் கீழ ஒரு பக்கம் போர்வை தட்டையா கெடந்துச்சு. காலை எடுத்துட்டாங்க.

அதப் பாத்ததும் பொண்ணுக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, ஓன்னு அழுதுக்கிட்டே கையில போட்டிருந்த கட்டப் பிரிச்சு மணிக்கட்டக் காட்டிட்டா. ரஞ்சிதம் அந்தக் கையப் புடிச்சு ரொம்ப நேரம் பாத்தா. திட்டல.

"நூலா?"ன்னா.

"ஆமாக்கா."

"அப்போ சங்கிலிய அவன் சரியாத்தான் இறுக்கியிருக்கான்."

"தட்டினாருக்கா. மூணு தடவை. எனக்குக் கேட்டுச்சு."

ரஞ்சிதம் கண்ண மூடிக்கிட்டா. "நேத்தே வந்திருக்கக் கூடாதா பாப்பா? மூணு நாளா பூவோட வந்து இந்த வாசப்படியிலயே நின்னான். நேத்து சாயங்காலமும் வந்தான். நான் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன். பூவக் கட்டில்ல வச்சுட்டுப் போயிட்டான். இன்னைக்கு வரல."

ஆளு விட்டுத் தேடினாங்க. ரயிலடியில தேடினாங்க, லாரி செட்டுல தேடினாங்க. எங்கயும் இல்ல. உசுரோட இருக்கானா இல்லையான்னு கூட யாருக்கும் தெரியல.

ஊர விட்டுப் போறப்ப ரஞ்சிதம் கட்டையூணிக்கிட்டுப் பூக்கடைக்கு வந்தா. "எந்த ஊர்ல கிணறு போட்டாலும் போய்ப் பாரு பாப்பா. அவனுக்கு வேற தொழில் தெரியாது. கண்டா, அக்கா அன்னைக்குத் திரும்பிப் படுத்தது தப்புன்னு சொல்லு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அப்புறம் அவளையும் அந்தப் பொண்ணு பாக்கல.

என்ன கண்ணு? கையக் காட்டணுமா? இந்தா, இருட்டுல தடவிப் பாரு. இதான், இந்த மேடு. வலிச்சுதாவா? கைதானே, பத்து நாள்ல ஆறிடுச்சு.

அதான் நான் மேல ஏறுறதில்ல. மேல நின்னா இப்பல்லாம் மைக்குச் சத்தம்தான் கேக்கும். கீழ, பலகைக்குப் பக்கத்துல காதை வச்சு நின்னாத்தான், ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி உள்ள யாரு என்ன பண்றாங்கன்னு கேக்கும். வெளிய வர்றப்ப ஸ்பேனர் வச்சிருக்கிற ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாத்துடுவேன். அவன் இருந்தா இப்ப அறுபது தாண்டியிருக்கும். முப்பத்தேழு வருஷமா பாக்குறேன். மூணு தடவை தட்டுறவன் ஒருத்தனும் இல்ல.

நாளைக்கு நீ மேல நின்னு நல்லாப் பாரு. பூ நீட்டணும்னா நீட்டு, நார்ல கட்டித் தரேன். ரெண்டே வெரல்ல புடிக்கணும்.

கதை கிணத்துக்குள்ள போயிடுச்சு, நீ போர்வைக்குள்ள போ.

அமுதி?

ம் கொட்ட மாட்டேங்குறா. தூங்கிட்டா.

கேட்டுச்சு தேவராசண்ணே. மூணு தடவையும் கேட்டுச்சு.